சம்பளம் ஒன்றுதான், பயம் மட்டும் ஏன் வேறு?

கேள்வி இது. கணவன், மனைவி இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். கடன் இல்லை, ஓரளவு சேமிப்பும் இருக்கிறது. ஆனாலும் மனைவிக்குத் தனக்கென்று ஒரு ஜோடி செருப்பு வாங்கினால்கூட இரண்டு நாளைக்கு மனசு உறுத்துகிறது. படுக்கப் போகும் முன் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால்தான் தூக்கம் வருகிறது. கணவருக்கோ கையில் பணம் தங்கினாலே என்னவோ போலிருக்கிறது, செலவழித்தால்தான் நிம்மதி. இது பிறவிக் குணமா, வளர்ந்த விதமா, மாற்றிக்கொள்ள முடியுமா?

நான் பல வருடமாகக் கடனில் சிக்கிய குடும்பங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். கணக்குப் பார்ப்பது அரை மணி நேர வேலைதான். மீதி நேரம் முழுக்க யாருடைய அப்பா என்ன செய்தார், யாருடைய அம்மா எதை எங்கே ஒளித்து வைத்தார் என்ற பேச்சுதான் ஓடும். அதனால் முதலிலேயே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி வளர்ந்த விதமும் பட்ட அனுபவமும்தான். ஆனால் "பெற்றோர் சொல்லிக் கொடுத்தது" என்று நாம் நினைக்கிறோமே, அது இதில் மிகச் சிறிய பங்கு. பெரியவர்கள் எதையும் சொல்லிக் கொடுக்காமல் தங்கள் பாட்டுக்கு இருந்த நேரத்தில் குழந்தை பார்த்ததும் கேட்டதும்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

என் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பாவின் தொழில் நொடித்துப்போனது. கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அழைப்பு மணி அடித்தால் கதவைத் திறப்பது என் வேலை, ஏனென்றால் சின்னப் பையனிடம் யாரும் ரொம்பக் கத்த மாட்டார்கள். "அப்பா ஊர்ல இல்லைன்னு சொல்லு" என்று அம்மா மெதுவாகச் சொல்லி அனுப்புவார். உள் அறையில் விளக்கைப் போடாமல் அப்பா உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தே நான் அந்தப் பொய்யைச் சொல்வேன். யாரும் எனக்குக் கடன் தப்பு என்று பாடம் நடத்தவில்லை, அந்த மணிச் சத்தமே போதுமானதாக இருந்தது. வேலைக்குப் போய் இருபது வருடம் வரை நான் ஒரு பைசா கடன் வாங்கவில்லை. வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்ட இடத்தில்கூட வாங்கவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றைக்கும் ஒரு நொடி வயிற்றைப் பிசையும்.

அதே வீட்டில் வளர்ந்த என் அண்ணன் நேர் எதிர். அவருக்கு அப்போது பதினேழு வயது. நல்ல காலம் முழுவதையும் பார்த்தவர், பிறகு அது ஒரே வருடத்தில் காணாமல் போனதையும் பார்த்தவர். அவர் எடுத்துக்கொண்டது, "எப்படியும் போகப்போகிறது, இருக்கும்போதே அனுபவித்துவிடு" என்பது. தங்கை அப்போது கைக்குழந்தை. அவள் நினைவு தெரிந்து பார்த்ததெல்லாம் அதற்குப் பிந்தைய இறுக்கமும், பணம் என்ற பேச்சு எழுந்தாலே அப்பாவும் அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும்தான். அவளுக்குப் பயமும் இல்லை, ஆசையும் இல்லை, யாராவது பணத்தைப் பற்றி வாயெடுத்தாலே கோபம் வந்துவிடும். ஒரே நிகழ்ச்சி, வெவ்வேறு வயதில் மூன்று பேர், மூன்று விதமான முடிவு. "ஒரே வீட்டில்தானே வளர்ந்தீர்கள்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ஒரே கூரையின் கீழ் வளர்ந்தாலும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் குடும்பத்தை வேறொரு கட்டத்தில்தான் சந்திக்கிறது.

இதே விஷயம் ஒரு தலைமுறை முழுவதற்கும் நடக்கும். பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியின்போது, 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. 1933-இல் அங்கே வேலை தேடுவோரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. விலைவாசி இறங்கிக்கொண்டே போனதால் கையில் ரொக்கம் வைத்திருந்தவன் பிழைத்தான், வங்கியையும் பங்குச்சந்தையையும் நம்பியவன் மாட்டிக்கொண்டான். பத்து வருடம் முன்னால் ஜெர்மனியில் நடந்ததோ இதற்கு நேர் மாறு. அங்கே பணவீக்கம் முற்றி, 1923 நவம்பரில் ஒரு டாலர் வாங்க 4.2 லட்சம் கோடி மார்க் தேவைப்பட்டது. வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாகச் சேர்த்தவனின் பணம் கண்ணெதிரே காகிதமாகிப்போனது, கடன் வாங்கி நிலமும் இயந்திரமும் வாங்கிப் போட்டவனின் கடன் தானாகக் கரைந்தது. ஒரு நாட்டுப் பிள்ளைக்கு "ரொக்கத்தைக் கையை விட்டு இறக்காதே" என்பதும் இன்னொரு நாட்டுப் பிள்ளைக்கு "ரொக்கத்தைக் கையில் வைத்திருக்காதே" என்பதும் அனுபவமே சொல்லிக் கொடுத்த பாடம். இரண்டுமே பொய் கிடையாது. ஆனால் ஒன்றைப் படித்தவன் இன்னொன்றின் காலத்தில் போய் வாழ நேர்ந்தால் தடுமாறுவான்.

உல்ரிக்க மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகல் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கணக்காகவே காட்டினார்கள். அமெரிக்கக் குடும்பங்களின் நிதி நிலை பற்றி 1960 முதல் 2007 வரை திரட்டிய விவரங்களை வைத்து 2011-இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். தன் வாழ்நாளில் பங்குச்சந்தை மோசமாக இருந்த வருடங்களை அதிகம் பார்த்தவர்கள், வருமானமும் படிப்பும் வயதும் ஒன்றாகவே இருந்தாலும், பங்குகளில் குறைவாகவே முதலீடு செய்கிறார்கள். வரலாற்றைப் புத்தகத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் படிக்கிறோம், ஆனால் நாமே வாழ்ந்து பார்த்த வருடங்களுக்கு மனசு கூடுதல் எடை கொடுக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்களே, அதேதான். இந்த ஆய்வில் இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் பொறுமை. "அவனுக்குப் பொறுமை இல்லை, அதனால்தான் சேமிக்க முடியவில்லை" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! உளவியலாளர் வால்டர் மிஷல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த மார்ஷ்மெல்லோ சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, கொஞ்ச நேரம் தொடாமல் காத்திருந்தால் இரண்டு தருவோம் என்பார்கள். காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்று அதைப் பெற்றோர் கூட்டங்களில் சொல்லாத ஆள் இல்லை. அதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. 2013-இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 28 குழந்தைகளை வைத்து அதே சோதனையைச் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். படம் வரைய நல்ல வண்ணக்குச்சிகளும் ஸ்டிக்கர்களும் கொண்டுவருகிறேன், காத்திரு என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து, மன்னித்துக்கொள், இல்லை என்றார். அதற்குப் பிறகு மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம். முதல் குழுவில் 14 பேரில் 9 பேர் முழு 15 நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள், இரண்டாவது குழுவில் ஒரே ஒரு குழந்தை.

இதைப் படித்தபோது எனக்கு அண்ணன்தான் மனதில் வந்தார். காத்திருந்தால் கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருப்பவனால்தான் காத்திருக்க முடியும். நாளைக்கு இது இருக்குமா என்று தெரியாத வீட்டில் வளர்ந்த பிள்ளை, கைக்கு வந்ததை உடனே வாயில் போட்டுக்கொண்டால் அது புத்திக் குறைவு கிடையாது. அந்த வீட்டுக்கு அதுதான் சரியான கணக்கு. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்து மிஷலின் முடிவைத் திரும்பச் சோதித்தார்கள். காத்திருத்தலுக்கும் பிற்காலப் படிப்புக்கும் உள்ள தொடர்பு பழைய ஆய்வில் சொன்னதில் பாதிதான் தெரிந்தது. குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது.

இல்லாமை பார்வையையே மாற்றும் என்பதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. 1947-இல் ஜெரோம் புரூனர், செசில் குட்மன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் பத்து வயதுப் பிள்ளைகளிடம் ஒரு வட்ட வெளிச்சத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கி நாணயத்தின் அளவுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளுமே கொஞ்சம் பெரிதாகத்தான் காட்டினார்கள், ஆனால் ஏழைப் பிள்ளைகள் இன்னும் பெரிதாகக் காட்டினார்கள். பின்னால் இதைத் திரும்பச் செய்தவர்களுக்கு, நாணயம் கண்ணெதிரே இருக்கும்போது இந்த வித்தியாசம் வரவில்லை, நினைவிலிருந்து காட்டச் சொன்னபோதுதான் வந்தது. எனக்கு இந்தத் திருத்தம்தான் அசல் முடிவை விடப் பிடித்திருக்கிறது. பணம் கைக்கு எட்டாதபோதுதானே மனசுக்குள் வளர்கிறது!

ஆனால் பணக் கஷ்டத்தில் இருப்பவர் எடுக்கும் எல்லா முடிவையும் வளர்ப்பின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும் நேரத்தில் அதே ஆள் யோசனைக் கணக்குகளில் தடுமாறுகிறார், பணம் வந்த பிறகு அவரே நன்றாகச் செய்கிறார். ஆள் மாறவில்லை, வளர்ப்பு மாறவில்லை, இடையில் சில மாதம்தான். கடன் நெருக்கும்போது மூளையின் பாதி அந்தக் கடனிலேயே மாட்டிக்கொண்டிருக்கும் என்பதை நான் தினம் தினம் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன். அந்த நிலையில் இருப்பவரிடம் "உங்க பழக்கமே சரியில்லை" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

சரி, பிறவிக் குணம் என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. ஸ்வீடனின் இரட்டையர்களை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வு, சேமிக்கும் பழக்கத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு மரபணுவால் வருகிறது என்றது. வளர்ப்பின் பாதிப்பு இளவயதில் நன்றாகவே தெரிந்தாலும், நடுவயதுக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடுகிறது என்றும் சொன்னது. அதே ஸ்வீடனில் தத்துப் பிள்ளைகளைப் பார்த்த இன்னொரு ஆய்வில், பிள்ளை பெரியவனாகிச் சேர்க்கும் சொத்து பெற்றவர்களை விட வளர்த்தவர்களின் சொத்தோடுதான் அதிகம் ஒத்துப்போனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஏழு வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்று சிலர் பயமுறுத்துவதை நான் ஏற்பதில்லை. சின்ன வயதில் பழக்கங்கள் தொடங்கிவிடும், அது உண்மை. தொடங்கியது எல்லாம் அப்படியே நின்றுவிடுவதில்லை.

இப்போது கேள்வி கேட்ட கணவன் மனைவிக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது தற்செயல் இல்லாமல் இருக்கலாம். பணம் கொடுக்கும்போது சிலருக்கு உள்ளுக்குள் ஒரு வலி வருகிறது, அது ரொம்ப அதிகமாக வருகிறவர்கள் செலவழிக்க வேண்டிய இடத்தில்கூடக் கையை இறுக்கிக்கொள்வார்கள். வலியே தெரியாதவர்கள் தேவைக்கு மேல் செலவழித்துவிட்டு அப்புறம் வருந்துவார்கள். ஸ்காட் ரிக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இந்த இரண்டு வகையினரையும் பல வருடம் ஆராய்ந்தார்கள். இந்த இரு வகையினரும் ஒருவரையொருவர் தேடித் திருமணம் செய்துகொள்வது வழக்கமாக இருக்கிறது என்று 2011-இல் எழுதினார்கள். தன்னிடம் தனக்கே பிடிக்காத குணத்துக்கு எதிரானதை இன்னொருவரிடம் பார்த்து மயங்குகிறோம், கல்யாணமான பிறகு அதே குணத்துக்காகத்தான் சண்டை போடுகிறோம். இந்த வித்தியாசம் கூடக்கூடப் பணச் சண்டையும் கூடுகிறது என்பதும் அவர்கள் கண்டதுதான்.

நான் குடும்பங்களிடம் கணக்கு நோட்டைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "பணத்தை நினைத்து நீங்கள் முதன்முதலில் பயந்தது எப்போது?" கணவரைக் கேட்கும்போது மனைவியும் அங்கேயே இருக்க வேண்டும், அது முக்கியம். ஒருமுறை ஒரு கணவர், ஊதாரி என்று வீட்டில் பெயர் வாங்கியவர், நீண்ட நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். பள்ளியில் சுற்றுலா போக அவருடைய அப்பாவிடம் காசு இருந்தும் கொடுக்கவில்லையாம். பிள்ளைகள் எல்லோரும் பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றாராம். தன் பிள்ளை எதைக் கேட்டாலும் மறுக்க வாய் வராததற்குக் காரணம் இதுதான் என்று அவருக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. பதினோரு வருடம் கூட வாழ்ந்த மனைவிக்கு இந்தக் கதை தெரியாது. அன்றைக்கு அவர்கள் கடன் ஒரு பைசாகூடக் குறையவில்லை, ஆனால் அடுத்த மாதத்திலிருந்து அந்த அம்மா "ஏன் இப்படிச் செலவு பண்றீங்க" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "இது பிள்ளைக்கா, அந்தப் பஸ்ஸுக்கா" என்று கேட்க ஆரம்பித்தார். அவர் கோபப்படாமல் யோசித்துப் பதில் சொன்னார்.

மாற்றிக்கொள்ள முடியுமா என்பதற்கு என் பதில், முடியும், ஆனால் அறிவுரையால் முடியாது. நம் மொழியிலேயே பாருங்கள், "பணம் பத்தும் செய்யும்" என்பதையும் "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்பதையும் ஒரே வாயால் ஒரே பிள்ளையிடம் சொல்கிறோம். எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டு வளர்வதில்லை. அனுபவத்தால் வந்தது அனுபவத்தால்தான் மாறும். மால்மெண்டியர், நாகல் ஆய்வில் கடைசியில் சொல்வதாகச் சொன்னேனே, அது இதுதான். பழைய வருடங்களின் தடம் பல பத்தாண்டுகள் கழித்தும் தெரிகிறது, ஆனாலும் சமீபத்து வருடங்களுக்குத்தான் அதிக எடை. அப்படியென்றால் புதிதாகச் சில வருடங்களை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம்.

என் விஷயத்தில் நடந்தது என்னவென்றால், நாற்பது வயதுக்கு மேல் வேண்டுமென்றே ஒரு சின்னக் கடன் வாங்கினேன். அதைவிட அதிகமான பணம் சேமிப்பில் இருக்கும்போதே வாங்கினேன். மாதா மாதம் தவணை கட்டினேன், பதினெட்டு மாதத்தில் முடிந்தது, யாரும் மணியடிக்கவில்லை. வட்டியாகக் கொஞ்சம் பணம் போனது. என் மனைவி முதலில் இது வீண் செலவு என்றார், நான் மருந்துச் செலவு என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக் கடனுக்கான காகிதத்தில் கை நடுங்காமல் கையெழுத்துப் போட முடிந்தது. செருப்பு வாங்கி உறுத்தும் அந்தப் பெண்ணுக்கும் இப்படித்தான் சொல்வேன். மாதம் ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள், அதை அந்த மாதத்துக்குள் உங்களுக்காகவே செலவழித்தாக வேண்டும், மிச்சம் பிடிக்கக் கூடாது. முதல் சில மாதம் உறுத்தும். உறுத்தினாலும் வீட்டில் எதுவும் குறையவில்லை என்பதை உடம்பு பார்க்க வேண்டும், அதற்கு நாளாகும். கணவருக்கு இதற்கு நேரெதிர்: சம்பளம் வந்த அன்றே ஒரு தொகை தானாகவே வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும், ஆறு மாதம் கழித்து அது இன்னும் அங்கேயே இருப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும் என்ற அனுபவம் அவருக்குச் சின்ன வயதில் கிடைக்காமல் போயிருக்கலாம். ஆனால் ஒன்று, உண்மையிலேயே வருமானம் பற்றாத வீடு என்றால் இந்தப் பயிற்சி எதுவும் வேலைக்காகாது, அங்கே முதல் வேலை நெருக்கும் கடனை இறக்குவதுதான்.

பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். கஷ்டம் இருந்தால் கஷ்டம் இருக்கிறது என்று அவர்கள் வயதுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுங்கள், அதோடு அதற்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரியாத இறுக்கத்தைத்தான் குழந்தையால் தாங்க முடியாது, அது தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும், பெரும்பாலும் தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். வாங்கித் தருவதாகச் சொன்னால் சொன்ன நாளில் வாங்கித் தாருங்கள், முடியாது என்றால் முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

போன வருடம் எனக்கு ஒரு மாதம் சம்பளம் தாமதமானது. என் மகளுக்கு எட்டு வயது, நான் கதவைத் திறந்த அதே வயது. "நம்மகிட்ட பணம் இருக்காப்பா" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, போய் விளையாடு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த மாதம் வரவேண்டியது வரவில்லை, சேர்த்து வைத்ததில் நாலு மாதத்துக்கு வீட்டுச் செலவுக்கு இருக்கிறது, அதனால் உன் பிறந்தநாள் உடுப்பு மட்டும் அடுத்த மாதம் என்றேன். நாலு மாதமா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த மாதம் முதல் தேதியே உடுப்பு வாங்கக் கிளம்பினோம்.